பின்சீட்டுப் பலகைக்குக் கீழே

சுவிட்சை அணைத்த பிறகும் பம்பு அடித்துக்கொண்டிருந்தது.

காங்கேயத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கிணற்றோரம் காரை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று வாளியோடு இறங்கிய ஜபருல்லா, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக அப்படியே நின்று காது கொடுத்தான். ஆடி மாதத்துக் காற்று மேற்கேயிருந்து கணவாய் வழியாகப் புகுந்து, பனைமரங்களைப் பிடித்து உலுக்கி, செம்மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் காரின் பின்சீட்டுக்குக் கீழேயிருந்து அந்தச் சத்தம் தெளிவாக வந்தது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், டக்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் ஜபருல்லாவுக்கு அந்தப் பம்பைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே காரில் அதைப் பொருத்தியவனே அவன்தான். வண்டி பழசு. மேடு ஏறும்போதெல்லாம் எஞ்சினுக்குப் பெட்ரோல் எட்டாமல் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. இருந்த ஏற்பாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீமையிலிருந்து வந்த எலக்ட்ரிக் பம்பு ஒன்றை வைத்தான். எஞ்சின் சூடு படக்கூடாது, தூசி படக்கூடாது, பார்க்கிறவர் கண்ணும் படக்கூடாது என்று பின்சீட்டுக்கு அடியில், பலகைக்குக் கீழே ஒளித்துவைத்தான். அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதம் வரைக்கும் பட்டறைக்கு வந்தவன் போனவனையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மின்சாரம் பாய்ந்தால் பம்பு டக்கென்று அடித்து, டாங்கியிலிருந்து ஒரு மடக்குப் பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குத் தள்ளும். எஞ்சினுக்குப் போதுமென்றால் தானாக நின்றுவிடும். குடிக்க ஆளிருந்தால்தான் அடிக்கும். இப்போது எஞ்சினும் ஓடவில்லை, மின்சாரமும் இல்லை.

ஒயர் எங்கேயோ உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீரை ஊற்றி முடித்தான். நின்று ஆராய அவனுக்கு நேரமில்லை. பின்சீட்டில் அவன் மனைவி ஹபீபுன்னிசா முழங்காலை மடக்கிப் படுத்து, வலியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. வெள்ளகோவிலில் தாய்வீட்டில் இருந்தாள். தாய் ரம்ஜான் பீவியோ இரண்டு நாளாகக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மருத்துவச்சி வெங்கடம்மாள் மத்தியானம் வரைக்கும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பொழுது சாய்வதற்குள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தாயும் பிள்ளையும் மிஞ்சும் என்று கையைத் துடைத்துக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. ஒன்று ஏழாம் மாதத்தில், இன்னொன்று பிறந்து அழாமலே. இது மூன்றாவது. இதுவும் போனால் ஹபீபுன்னிசா நடமாடுவாளே தவிர உயிரோடு இருக்கமாட்டாள் என்பது ஜபருல்லாவுக்குத் தெரியும்.

நல்லவேளையாக அன்று கையில் கார் இருந்தது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் செங்கோட்டையன், ஒரு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிற தன் காரை எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது தள்ளிவிடச் சொல்லி ஆளனுப்பியிருந்தார். முதல் நாளே வந்து பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, டின்னில் கொண்டுவந்ததை ஊற்றி, வேறு பேட்டரி மாட்டிக் கிளப்பியிருந்தான் ஜபருல்லா. கார் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது செங்கோட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை அப்போது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூட வருகிறேன் என்று துணிமூட்டையோடு புறப்பட்ட வெங்கடம்மாள், வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்து, தலை சுற்றுகிறது, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாளே, அதுதான் இப்போது நெஞ்சில் நெருடியது.

காங்கேயத்தைத் தாண்டிப் பல்லடம் சாலையில் கார் ஓடியது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், அங்கங்கே குடை வேலமரங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாடுகள். காற்று நேர் எதிரே வந்தது. அப்படியிருக்கும்போது பின்னாலிருந்து எந்த வாசமும் முன்னால் வர வழியில்லை. ஆனாலும் வந்தது. விளக்கெண்ணெயும் பூண்டும் வெந்நீரும் கலந்த, பிரசவ அறையின் வாசம். ஹபீபுன்னிசாவின் சேலையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் காரை விரட்டினான்.

"ஏனுங்க, உள்ள புள்ளை ஒதைக்கறப்பெல்லாம் சீட்டுக்குக் கீழயும் ஒரு தட்டு கேக்குதுங்க" என்றாள் ஹபீபுன்னிசா.

அது பெட்ரோல் பம்பு, அப்படித்தான் அடிக்கும் என்று சொன்னான். பிள்ளை உதைக்காதபோது அது அடிப்பதில்லை என்று அவள் மெல்லச் சொன்னாள்.

இன்னும் இரண்டு மைல் போயிருக்கமாட்டார்கள். பம்பு திடீரென்று படபடவென்று அடித்தது. வெறும் காற்றை இழுக்கும்போது அப்படித்தான் அடிக்கும். எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. பம்பும் அதோடு ஓய்ந்தது. கார் தன் வேகத்திலேயே உருண்டுபோய், சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக்குப் பக்கத்தில் அடங்கியது.

இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருந்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் தயவும் இல்லாமல் இறக்கிவைத்து மூச்சுவிடட்டும் என்று ஊர் ஊருக்கு இருக்கிற கல்தான். ஆனால் இது புதுக்கல். உளி பட்ட இடமெல்லாம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

ஜபருல்லா ஓடிப்போய் முன்மூடியைத் திறந்தான். கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. டாங்கியில் குச்சியைவிட்டுப் பார்த்தால் முக்கால் பங்கு இருந்தது. டாங்கி மூடியின் துளையில் அடைப்பில்லை. எஞ்சின் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு சுவிட்சைப் போட்டான். பம்பு அடிக்கவில்லை, பெட்ரோலும் வரவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை, கோளாறு பம்பில்தான். பம்போ ஹபீபுன்னிசாவுக்குக் கீழே இருந்தது. அவளை எழுப்பாமல் அதைத் தொட முடியாது. இந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தன் மூளையை அவன் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அவளை அணைத்துத் தூக்கி இறக்கினான். நிற்க முடியாமல் தள்ளாடினாள். தரையெல்லாம் நெருஞ்சி முள்ளாகக் கிடந்ததால் அந்தச் சுமைதாங்கி ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. அவள் போர்த்தியிருந்த துப்பட்டியை நாலாக மடித்து மேல்கல்லில் போட்டான். அவள் இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக் குனிந்து, நிறைவயிற்றைக் கல்லோடு சாய்த்துக்கொண்டாள்.

"கல்லு சூடா இருக்குதுங்க. இதமா இருக்குது" என்றாள்.

அவன் பின்சீட்டுக்குத் திரும்பினான். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டான். கீழே பலகை, நாலு மூலையிலும் நாலு திருகாணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடுக்கும்போது திருப்புளி வழுக்கியதில் ஒரு திருகாணியின் தலையில் கீறல் விழுந்திருந்தது. அந்தக் கீறல் துருப்பிடித்து அப்படியே இருந்தது. தான் மூடிய பிறகு வேறு யாரும் இதைத் திறந்ததில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. நாலையும் கழற்றிப் பலகையைத் தூக்கினான். அந்தப் பிரசவ வாசம் வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல முகத்தில் அடித்தது.

பம்பைச் சுற்றிலும் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன. பச்சையும் சிவப்புமாக, ஒரு கைப்பிடி இருக்கும். பலகை இடுக்கு வழியாக விழுந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். பலகையில் இடுக்கே இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும், அவன் இழைத்த பலகைதானே அது.

பம்பின்மேல் கையை வைத்தான். உடம்புச் சூடு. முதல் வேலையாக மின்சார ஒயரைக் கழற்றினான். ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கும்போதே பம்பு ஒரு தரம் அடித்தது. டக். அந்த அதிர்வு அவன் உள்ளங்கையில் ஏறியது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்தான். ஹபீபுன்னிசா கல்லில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். முனகல் நின்றிருந்தது.

நேரம் போகிறது, நேரம் போகிறது என்று மனசு அடித்துக்கொள்ள, பம்பின் மூடியைத் திறந்தான். மின்சாரம் தொடும் முனைகள் கறுத்திருந்தன. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தான். பிறகு அடியிலிருந்த வடிகட்டியைத் திருகி வெளியே எடுத்தான். சல்லடை தெரியவில்லை. மஞ்சளாக, கெட்டியாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நாள்பட்ட பெட்ரோல் பிசினாகிப் படியும். எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறான். விரலால் வழித்தான். பிசின் ஒட்டும், இது ஒட்டவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

கன்று போட்ட மாட்டில் முதல் நாள் கறக்கிற சீம்பாலின் வாசம்.

விரலை மண்ணில் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான். வடிகட்டியைப் பெட்ரோல் விட்டுக் கழுவும்போது பின்னால் ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. பத்திருபது செம்மறிகள் சாலையில் வந்துகொண்டிருந்தன. காருக்கு ஒரு கூப்பிடு தூரத்திலேயே அவை முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அவற்றை ஓட்டிவந்த நடுவயதுப் பெண்பிள்ளை காரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், தலையில் கையை வைத்தாள்.

"ஏனுங்க சாயபு, வகுறும் புள்ளையுமா இருக்கறவளை அந்தக் கல்லுல சாய உட்டிருக்கறீங்களே. அது பூவாத்தா கல்லுங்க."

அவள் பெயர் நாச்சியம்மாள், அந்தப் பக்கத்துக் காடுகளில் ஆடு மேய்க்கிறவள். கிட்டே வராமல், நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். போன ஆடியில் இதே கார், இதே இடத்தில் நின்றதாம். உள்ளே செங்கோட்டையனின் மருமகள் பூவாத்தாள் பிரசவ வலியோடு படுத்திருந்தாள். ஓட்டிவந்தவன் முன்மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தானே தவிர, பின்பக்கம் போகவேயில்லை. உச்சிப்பொழுதிலிருந்து பொழுது சாயும்வரை கார் அங்கேயே நின்றது. மாட்டுவண்டி வருவதற்குள் பூவாத்தாள் பின்சீட்டிலேயே உயிரை விட்டாள், பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இருந்துவிட்டது. கோளாறு சீட்டுக்கு அடியில்தான் என்று ஓட்டிவந்தவனுக்குத் தெரியுமாம். பிறகு இந்த வேலமரத்தடியில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதானாம், பெரியவீட்டு அம்மணியை எழுந்திருக்கச் சொல்ல வாய் வரவில்லை என்று.

ஜபருல்லாவுக்குக் காது அடைத்தது. அந்த டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அடம் பிடித்தால் சீட்டைத் தூக்கிப் பம்பின் தலையில் ஸ்பானர் பிடியால் ஒரே ஒரு தட்டுத் தட்டு, ஓடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஒரு தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்கள். சீட்டுக்கடியில் கொண்டுபோய் வைத்த பாவி நான்தானே என்று அவன் நெஞ்சு வெந்தது.

"சூலோட செத்தவளுக்கு அது எறக்கி வெக்காத சுமைங்க. அதுக்குத்தான் கல்லு நடறது. வெச்சா வாங்கிக்கும். திருப்பிக் குடுக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் நாச்சியம்மாள்.

அவன் ஓடிப்போய் ஹபீபுன்னிசாவின் தோளைப் பிடித்து இழுத்தான். இழுக்கத் தேவையே இல்லாமல் அவள் நிமிர்ந்தாள். முகத்தில் வேர்வை இல்லை. வலி நின்றுவிட்டது என்று சொன்னாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தாள். சிரிப்பைப் பார்த்தபிறகு அவனுக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. வலி நின்றால் நல்லதா கெட்டதா? கேட்டுச் சொல்ல மருத்துவச்சியும் கூட இல்லை. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்பது மட்டுந்தான் அவன் தலையில் ஓடியது.

வடிகட்டியைத் திருகி, பம்பின் மூடியையும், முன்பக்கம் கழற்றிய கிண்ணத்தையும் குழாயையும் பூட்டினான். ஒயரை மாட்டினான். சுவிட்சைப் போட்டுப் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். உடனே அடிக்க ஆரம்பித்தது, சீராக, தாராளமாக. பலகையை வைத்து நாலு திருகாணியையும் கை வலிக்க முடுக்கி, மெத்தையைத் திரும்பப் போட்டான். தூக்கி இறக்க வேண்டியிருந்த ஹபீபுன்னிசா, துப்பட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானாகவே படியேறி உட்கார்ந்தாள். நாச்சியம்மாள் ஆடுகளை வேலி தாண்டிக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கார் இப்படி ஓடி அவன் பார்த்ததில்லை. மேடும் தெரியவில்லை, எதிர்க்காற்றும் தெரியவில்லை. பல்லடம் வந்தது, போனது. எதிரே சூரியன் செம்புழுதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பம்பின் சத்தம் மட்டும் மாறியிருந்தது. ஒற்றையாக அடிக்கவில்லை. டக்டக், டக்டக் என்று இரட்டையாக அடித்தது. எந்தப் பம்பும் அப்படி அடிக்காது. நெஞ்சுதான் அப்படி அடிக்கும்.

வலி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். பசிக்கிறது என்றாள். பின்னால் வளையல் குலுங்கியது. ஹபீபுன்னிசா வலி கண்டதும் வளையலைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தவள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தான். சாலையை மட்டும்.

"புள்ளை அசையுதா, கண்ணு?"

"அசையுதுங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு நிறைவு. "கீழ."

வலது கை ஸ்டியரிங்கில் இருக்க, இடது கையைப் பின்னால் நீட்டினான். துணி அகப்பட்டது. துணிக்குள் தேடினான். அவள் இடுப்பு அகப்பட்டது. வயிற்றைத் தேடினான். ஈரம் இல்லை. ரத்தம் இல்லை. வயிறும் இல்லை. தட்டையாக, கல்யாணத்தன்று இருந்ததைப்போல, சேலைக் கொசுவம் மட்டும் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். யா அல்லா. யா அல்லா.

டக்டக். டக்டக்.

ஏதோ உருண்டுவந்து அவன் காலில் முட்டியது. குனிந்து பார்த்தான். ஒரு திருகாணி. தலையில் கீறல். அவன் கை வலிக்க முடுக்கியது. இன்னொன்று உருண்டது. மூன்றாவது. நாலாவது.

பலகை நகர்கிற சத்தம். மெல்ல, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் நகர்த்துகிற சத்தம்.

அவன் பிரேக்கை மிதித்தான். சுவிட்சை அணைத்தான். எஞ்சின் அடங்கியது. காற்றுகூட நின்றது. சூலூர்க் குளக்கரைக்கு மேலே வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பின்னாலிருந்து இப்போது டக்கென்ற சத்தம் வரவில்லை. வேறு சத்தம். ஈரமான சத்தம். ஒரு மடக்கு. ஒரு மூச்சு. ஒரு மடக்கு.

திரும்பினான்.

ஹபீபுன்னிசா சீட்டில் இல்லை. மெத்தையை ஒதுக்கிவிட்டு, காரின் தரையில் மண்டியிட்டிருந்தாள். பலகை ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தது. திறந்த பள்ளத்தின்மேல் மாரைக் கவிழ்த்துக் குனிந்து, கண்ணேறு படாமல் முந்தானையால் மூடியிருந்தாள். ஒரு கை பள்ளத்துக்குள் இறங்கி எதையோ தாங்கிப் பிடித்திருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நிறுத்தாதீங்க" என்றாள் ரகசியமாக. "மெதுவா ஓட்டுங்க. பால் குடிச்சுட்டு இருக்குது."

முந்தானைக்கு அடியிலிருந்து, எண்ணெயில் கறுத்து மின்னுகிற சின்னக் கை ஒன்று மேலே வந்தது. காற்றில் ஒரு கணம் தேடியது. பிறகு சேலை விளிம்பை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டது.